எரியாத மூட்டைகள்

கள்ளக்குறிச்சி
28-9-1987

அன்புள்ள செல்லிக்கு,

இட ஒதுக்கீட்டுச் சாலை மறியல் முடிந்து தபால் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது என்று போஸ்ட்மேன் சொன்னார். முதல் வேலையாக உனக்கு எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் வீட்டுக்காரருக்கு இருமல் விட்டதா? கரியாலூர் பாதையிலும் மரங்களை வெட்டிப் போட்டார்களா? எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

நம் லாரி எரிந்துவிட்டது. சென்னைக் கம்பள வியாபாரிக்கு வெள்ளை ஆட்டு ரோமம் ஏற்றிக்கொண்டு போன வண்டி. உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் மறியல்காரர்கள் நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவர் வேடியப்பன் என்னிடம் வந்து சொன்னது இது: "எறங்குடான்னாங்கம்மா. எறங்கி கரும்புத் தோட்டத்துல பூந்து ஓடிட்டேன். திரும்பிப் பாக்கல. பொகைதான் தெரிஞ்சுது."

நான் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தேன். ரோமம் பஞ்சு இல்லை, செல்லி. சட்டென்று பற்றாது. பற்றினாலும் சுருண்டு, கறுத்து, தானே அணையும். இறுக்கித் தைத்த மூட்டை என்றால் வெளிப்புறம் கரிந்தாலும் நடுவில் வெள்ளையாகவே மிஞ்சும். மயிர் கருகிய நாற்றம் பல நாள் அந்த இடத்தை விட்டுப் போகாது. குச்சியால் கிளறிப் பார்த்தேன். இருந்ததெல்லாம் லாரியின் மரப்பலகைச் சாம்பல். கருகிய கட்டி ஒன்றுகூட இல்லை. அந்த நாற்றமும் இல்லை. ஆகவே லாரி எரியும்போது அதில் மூட்டைகள் இல்லை.

வேடியப்பன் வழியிலேயே சரக்கை விற்றுவிட்டு, வண்டிக்கும் தீ வைத்துவிட்டு, பழியை மறியல்காரர்கள் மேல் போட்டிருக்கிறான். இதை இன்ஸ்பெக்டரிடம் விளக்கினேன். எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். அவனைக் கடலூர் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் என் கணவர் காலத்திலிருந்து நம் வண்டியை ஓட்டுபவன். அதற்காக நான் கண்ணால் கண்டதைக் காணாததுபோல் இருக்க முடியாது.

தமிழழகன் எங்கே? மறியலுக்கு முன்தினம் என்னிடம் சொல்லாமல் கிளம்பியவன் இன்னும் வரவில்லை. ஆட்டுக்காரர்கள் மந்தையை ஏரியில் குளிப்பாட்டிக் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். உடனே கத்தரிக்காவிட்டால் மறுபடி புழுதி ஏறிவிடும். தரம் பார்த்து வாங்க உன் மகனை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. அவனை அடுத்த பஸ்ஸில் அனுப்பு.

வெந்நீர் ஒத்தடத்தை விடாதே.

உன் அக்கா,
தைலம்மாள்


கரியாலூர்
9-10-1987

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் அப்போதே கிடைத்தது. கடையில் கூட்டம், அதனால் தாமதம். மன்னிக்கவும். முழங்கால் பரவாயில்லை. அவருக்கு இருமல் குறைந்திருக்கிறது. மலையில் மழை விடாமல் பெய்கிறது. நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதீர்கள்.

லாரி போனால் போகட்டும். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும்.

தமிழுக்குக் காய்ச்சல். படுத்திருக்கிறான். இப்போது வர முடியாது. சர்வே ஆபீஸ் வேலைக்கு உத்தரவு வரும் நேரம் இது. அதற்குமுன் போலீஸ் விசாரித்து நல்லவன் என்று எழுத வேண்டுமாம். அதுவரை எங்கும் அலைய வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, வேடியப்பன் அப்படிச் செய்திருப்பான் என்று நன்றாக யோசித்தீர்களா? எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாதா? நாளைக்கு வேறு மாதிரி ஏதாவது தெரியவந்தால்? கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
செல்லியம்மாள்


கள்ளக்குறிச்சி
13-10-1987

அன்புள்ள செல்லிக்கு,

உங்கள் மழை இங்கும் வந்துவிட்டது. கிடங்கு ஒழுகவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். தமிழழகனுக்கு எப்போது காய்ச்சல் வந்தது, மறியலுக்கு முன்பா பின்பா? யாரிடம் காட்டினீர்கள்? இதையெல்லாம் எழுதாமல் வேடியப்பனைப் பற்றி எழுதியிருக்கிறாய். நன்றாக யோசிக்காமல் நான் எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் எனக்குக் கற்றுக் கொடுத்ததில் மறக்காதது அது ஒன்றுதான்.

அவன் மனைவி இருசம்மாள் கைக்குழந்தையோடு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா, உங்க மூட்டையில ஒரு பிடி மயிரு எடுத்திருந்தா இந்தப் புள்ளைக்குத் தலைக்கு வைக்க ஒரு தலகாணி இருந்திருக்கும். நீங்களே வந்து எங்க வூட்டப் பாருங்க" என்றாள்.

"விற்றவன் வீட்டிலா வைத்திருப்பான்?" என்று கேட்டேன்.

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா போலீசுல நம்புறாங்க. அதாங்க எனக்கு பயமா கீது" என்றாள்.

கோர்ட் தீர்மானிக்கும் என்று சொல்லி அனுப்பினேன். பிழைப்புக்கு வழியில்லாமல் தாய் வீட்டுக்குப் போகிறாளாம். அவள் தாய் வீடு கரியாலூர்தான். உன் கடைக்கு வந்தால் ஒன்றும் பேச்சுக் கொடுக்காதே.

உன் அக்கா,
தைலம்மாள்


கரியாலூர்
27-10-1987

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய புடவை கிடைத்தது. நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் ஏதோ இருக்கிறோம். குளிர் ஆரம்பித்துவிட்டது. இரவில் அந்தக் கருப்புக் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறீர்களா?

இருசம்மாள் வந்துவிட்டாள். தினமும் கடைக்கு வருகிறாள். பேச்சுக் கொடுக்காமல் எப்படி இருப்பது? அவள்தானே முதலில் பேசுகிறாள். "இன்னாங்கம்மா, சாப்ட்டீங்களா" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறுகிறாள். இவர் அரிசிக்கும் உப்புக்கும் காசு வாங்குவதில்லை. "எதுக்குங்க சும்மா குடுக்கிறீங்க?" என்று நேற்று கேட்டாள். இவர் உள்ளே போய்விட்டார். குழந்தைக்கு மார்ச்சளி. குளிர் தாங்கவில்லை.

தமிழுக்குக் காய்ச்சல் விட்டது. ஆனால் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவள் வரும்போது கடையில் நிற்பதில்லை. கூச்சம்.

ஒன்று கேட்க வேண்டும். ஆட்டு ரோமம் மூட்டையோடு மழையில் நனைந்துவிட்டால் என்ன செய்வார்கள்? இங்கே ஒருவர் கேட்டார். உங்களைவிட யாருக்குத் தெரியும் என்று சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
செல்லியம்மாள்


கள்ளக்குறிச்சி
31-10-1987

அன்புள்ள செல்லிக்கு,

உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. என் உடம்புக்குக் குறையில்லை.

கேட்டதற்குப் பதில். நனைந்த மூட்டையைத் தைத்தபடியே வைக்கக்கூடாது. உள்ளே சூடேறும். கையை விட்டால் வேகவைத்ததுபோல் சுடும். பிறகு மஞ்சளாகி, இழுத்தால் நூல்போல் அறும். உடனே தையலைப் பிரித்து, காற்றாட மெல்லியதாகப் பரப்ப வேண்டும். வெயில் இல்லாவிட்டாலும் காற்று போதும். அடுக்கி வைத்தால் சில வாரத்தில் எல்லாம் குப்பை.

கல்வராயன் மலை மேல் ஆட்டு ரோமம் வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை. எனக்குத் தெரியாமல் ஒரு மூட்டை அங்கே ஏறியதில்லை. உன்னைக் கேட்டவர் யார்? அவர் பெயரை எழுது.

வேடியப்பனுக்கு ஜாமீன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் வாக்குமூலத்தைத்தான் காரணமாகச் சொன்னார்களாம்.

தைலம்மாள்


கள்ளக்குறிச்சி
14-11-1987

செல்லிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, உன் கையெழுத்து வரவில்லை.

நான் ஒரு பெயர் கேட்டேன். அதை எழுத இவ்வளவு நாள் ஆகாது. கரியாலூர் பஸ் கண்டக்டரிடம் விசாரித்தேன். "செல்லியம்மா நல்லாத்தான் கீறாங்க. கடை தெறந்துதான் கீது" என்றார். அப்படியானால் உனக்கு எழுத உடம்பு இருக்கிறது, மனசு இல்லை.

இரவில் தூக்கம் வரவில்லை. அந்தச் சாம்பலையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூட்டை எரியவில்லை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அதை இறக்கியது யார் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததையும் பார்த்ததோடு சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த வாரமும் பதில் வராவிட்டால் நானே பஸ் ஏறி வருவேன்.

தைலம்மாள்


கரியாலூர்
18-11-1987

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். நான் நன்றாக இல்லை.

நேற்று முன்தினம் பகலெல்லாம் மழை. இருசம்மாள் உப்பு வாங்க வந்தாள். இவர் நிறுத்துக்கொண்டிருந்தார். அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னாங்கம்மா, இங்க எங்க வூட்டுக்காரரு வாசன அடிக்குது?"

மழை வாசனை என்றேன்.

"மழ இல்லீங்க. லோடு ஏத்திக்கினு வந்தா அவரு சட்டையில இதான் அடிக்கும். தொவச்சாலும் போவாது."

உப்பை வாங்காமல் கடையைச் சுற்றிப் பின்னால் போனாள். அங்கே எங்கள் கொட்டகைக்குப் பூட்டு இல்லை. கதவைத் தள்ளிவிட்டு நின்றாள். கத்துவாள், ஊரைக் கூட்டுவாள் என்று நினைத்தேன். ஒரு மூட்டையின் தையலுக்குள் கையை விட்டாள். "சுடுது" என்றாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நான் இங்கயே குந்திக்கினு இருக்கேங்க. யார்கிட்ட சொல்லணுமோ நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

சாரல் அவள் மேல் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. குழந்தையை மட்டும் என்னிடம் கொடுத்தாள். கடைசியில் தமிழ் வெளியே வந்து அவள் முன்னால் நின்றான். "நீயா தம்பி?" என்றாள். "ஆமாங்க்கா" என்றான். அவள் இருட்டிய பிறகுதான் எழுந்து போனாள். நேற்றும் வந்து அதே படியில் உட்கார்ந்தாள். இன்றும் உட்கார்ந்திருக்கிறாள்.

நடந்தது இதுதான். மறியல் நடத்திய சங்கத்துப் பிள்ளைகளோடு அவனும் அந்தச் சாலையில் இருந்தான். இட ஒதுக்கீடு கிடைத்தால்தான் தன்னைப் போன்றவர்களுக்கு வேலை என்று போனவன். நம் லாரி வந்து நிற்கும் என்று அவன் நினைக்கவில்லை. வேடியப்பன் ஓடிய பிறகு, வண்டிக்குத் தீ வைக்கலாம் என்று சிலர் கிளம்பினார்கள். "எங்க பெரியம்மா சரக்குடா, அத மட்டும் எறக்கிடலாம்" என்று இவன் கெஞ்சியிருக்கிறான். கரும்பு டிராக்டரில் இறக்கினார்கள். தீ வைத்தது தன் கை இல்லை என்கிறான். நான் மேலே கேட்கவில்லை. பாதை திறந்ததும் சந்தைக்கு வரும் வேனில் மூட்டைகளை இங்கே கொண்டுவந்தான். ஊர் அடங்கியதும் உங்களிடம் சேர்ப்பதாக இருந்தான். அதற்குள் உங்கள் முதல் கடிதம் வந்துவிட்டது. அதைப் படித்த அன்றுதான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அது பொய் இல்லை.

அக்கா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். மூட்டைகளை நீங்களே முன்பே எங்கள் வீட்டுக்கு அனுப்பியதாகவும், வயதாகிவிட்டதால் மறந்துவிட்டதாகவும் சொல்லுங்கள். வேடியப்பன் வெளியே வந்துவிடுவான். என் மகனும் பிழைத்துக்கொள்வான். உங்கள் வார்த்தையை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

செல்லி


கள்ளக்குறிச்சி
21-11-1987

அன்புள்ள செல்லிக்கு,

உன் கடிதத்தை இன்று காலை படித்தேன். நீ மனம் தளரக்கூடாது. சாப்பிடு. இருசம்மாளுக்கும் கொடு. படியிலேயே உட்கார்ந்தாலும் ஒரு கம்பளியைப் போர்த்து. மறுத்தால் குழந்தைக்கு என்று சொல்.

நீ கேட்டதைச் செய்ய மாட்டேன். மூட்டைகளை ஏற்றி லாரி கிளம்பியதைத் தெருவே பார்த்தது. எடை போட்டவர், சுமை தூக்கியவர்கள், எதிர்வீட்டார் எல்லோரையும் போலீஸ் ஏற்கெனவே விசாரித்திருக்கிறது. நான் பொய் சொன்னால் ஒரே கேள்வியில் உடையும். உடைந்தால் அதன் பிறகு நான் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். வேடியப்பன் உள்ளேயே கிடப்பான்.

இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. முதல் முறை நான் எழுதிக் கொடுத்தது தவறு. ஆனால் சரி என்று நம்பிக் கொடுத்தேன். இரண்டாவது முறை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது.

தமிழழகனை நான் வெறுக்கவில்லை. என் சரக்கைக் காப்பாற்றத்தான் கெஞ்சினான். அதைக் காப்பாற்றியவன், அதனால் உள்ளே போனவனைப் பார்த்துக்கொண்டு இத்தனை நாள் இருந்தானே, அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன் நிற்கப் போகிறேன். மூட்டைகள் எங்கே இருக்கின்றன, யார் கொண்டுபோனது, எதற்காகக் கொண்டுபோனான் என்று எல்லாவற்றையும் சொல்வேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்முன் சொல்லி முடித்திருப்பேன். உன்னிடம் கேட்டுக்கொண்டு செய்ய இதில் ஒன்றும் இல்லை.

அக்கா


கரியாலூர்
22-11-1987

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமா? இங்கே இன்று மழை விட்டிருக்கிறது. யார் கண்ணிலாவது படும் என்று இதுவரை பயந்து பிரிக்காத மூட்டைகளை, நீங்கள் முன்பு எழுதியபடி பிரித்துப் பரப்பினோம். அடியில் இருந்தவை மஞ்சளாகிவிட்டன. மேலே உள்ளது பிழைக்கும். இருசம்மாளும் படியிலிருந்து எழுந்து வந்து கை கொடுத்தாள். தமிழும் அவளும் ஒரே சாக்கின் இரண்டு பக்கம் பிடித்து உதறினார்கள். அவள் அவனிடம் பேசவில்லை.

நல்ல செய்தி ஒன்று எழுதுகிறேன். தமிழ் முடிவுக்கு வந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் மலை இறங்கி, வக்கீலைப் பார்த்து, தானே போய்ச் சரணடைகிறானாம். தானாக வந்தால் கோர்ட்டில் அதைப் பார்ப்பார்கள், வேலைக்கும் ஒரு வழி இருக்கும் என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் தடுக்கவில்லை. சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறேன்.

அதுவரை நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், அக்கா. அவன் வாயால் அவன் சொல்லட்டும்.

தங்கை,
செல்லியம்மாள்


கரியாலூர்
1-12-1987

தைலம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கடிதமும் நான் எழுதியதும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உங்களுடையது எனக்கு வந்தபோது தமிழ் வீட்டில் இல்லை.

திங்கட்கிழமை மாலை போலீஸ் ஜீப் வந்தது. ரோமத்தைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். "நாளைக்கு நானே வரேங்க சார், வக்கீல்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றான். "எல்லாரும் அதான்டா சொல்வானுங்க. ஏறு" என்றார்கள். கொடியில் சட்டை அப்படியே தொங்கியது. தேடிப் போய்ப் பிடித்தோம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சர்வே ஆபீஸ் உத்தரவு இனி வராது என்று இவர் சொல்கிறார்.

ஒரு நாள். நீங்கள் ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

செல்லியம்மாள்


கள்ளக்குறிச்சி
5-12-1987

அன்புள்ள செல்லிக்கு,

நீ எப்படி என்னை அழைத்தாலும் நான் உன்னை இப்படித்தான் அழைப்பேன். உன் முழங்கால், அவர் இருமல், இருசம்மாளின் குழந்தைக்குச் சளி, மூன்றைப் பற்றியும் எழுது. எழுத மனமில்லாவிட்டால் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பு.

தமிழழகன் சரணடையப் போவதாக நீ எழுதிய கடிதம் அந்த வாரம் புதன்கிழமைதான் வந்தது. அதை ஞாயிற்றுக்கிழமையே படித்திருந்தாலும் நான் திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போயிருப்பேனா என்று பலமுறை கேட்டுக்கொண்டேன். போயிருப்பேன்.

கோர்ட்டுக்குப் போன மறுநாள், செவ்வாய்க்கிழமை, கடலூர் ஜெயில் வாசலில் நின்றேன். விளக்கு வைக்கும் நேரத்தில் வேடியப்பன் வெளியே வந்தான். என்னைப் பார்த்தான். பஸ் நிலையத்துக்கு நடந்தான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவன் முன் சீட்டில், நான் பின்னால். உளுந்தூர்பேட்டையில் எல்லோரும் டீக்கு இறங்கியபோது எழுந்து அவனிடம் போனேன். நான் எழுதிக் கொடுத்தது தவறு, மன்னித்துவிடு என்றேன். என் வாயில் அந்த வார்த்தை பழக்கமில்லாததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"போய் குந்துங்கம்மா. வண்டி எடுத்துடுவான்" என்றான்.

அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில் என்னோடு இறங்கி, கரியாலூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனான். இனி என்னிடம் வேலைக்கு வர மாட்டான். அதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

நீ கேட்ட ஒரு நாளைப் பற்றி. எனக்கு உரியதாக இருந்தால் உனக்குக் கொடுத்திருப்பேன், செல்லி. ஒரு நாள் என்ன, ஒரு வருஷமே கொடுத்திருப்பேன். அந்த நாளில் உள்ளே படுத்திருந்தவன் வேடியப்பன். அதை எடுத்து உனக்குக் கொடுக்க என்னால் முடியாது.

தமிழழகனின் ஜாமீன் மனு வரும் வியாழக்கிழமை எடுக்கப்படுகிறது. நான் ஜாமீன் நிற்கிறேன். நீயும் வா. நீ வராவிட்டாலும் நான் நிற்பேன்.

உன் அக்கா,
தைலம்மாள்